துறையடி ஒழுங்கையில் பதினெட்டு வீடு

மாலை ஆறரை மணி. மாரிகாலம். பகல் முழுக்க ஊற்றிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. மஃரிபுத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்... ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. மட்டக்களப்பு டவுனுக்குள்ளேயே, கடைத்தெருவிலிருந்து பத்து நிமிட நடையில், துறையடி ஒழுங்கை என்று ஒன்று. ஒரு முனையில் பெரிய ரோட்டு, மறு முனையில் வாவி. அந்த ஒழுங்கை வாயில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிறான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கட்டுப் படிவம்.

அவன் பெயர் இன்ஷாப். ஏறாவூர்ப் பொடியன். நம் மர்சூக்கின் தங்கையைக் கட்டியவன். மர்சூக் இதோ இருக்கிறான், சந்தேகம் உள்ளவர்கள் அவனிடம் கேட்கலாம். ஆனால் கதை முடிந்த பிறகு கேளுங்கள். இப்போது கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், லாம்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

துறையடி ஒழுங்கையை உங்களில் பாதிப் பேர் கண்டிருக்க மாட்டீர்கள். பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் அக்கரைக்குப் போக அங்கேதான் தோணி ஏறவேண்டும். விடிய நாலு மணிக்கே ஒழுங்கை விழித்துவிடும். தோணிக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஆப்பம், வெற்றிலை, சுருட்டு. சோனக வீடும் தமிழ் வீடும் பறங்கி வீடும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வேலி பொது, கிணறு பொது, சண்டையும் பொது. வீடெல்லாம் பெண்கள் பெயரில். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம், வீடு மகளுக்கு, மருமகன் வந்து சேருகிறவன்.

பிறகு பாலம் வந்தது, தோணி நின்றது. எழுபத்தெட்டுச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. தொண்ணூறில் ஒரு காலை ஆண்களை வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று கேட்காதீர்கள், இரவில் சொல்லக் கூடாத பெயர்கள் பேய்களுடையவை மட்டுமில்லை. அதற்குப் பிறகு சுனாமி. மிஞ்சியவர்கள் கட்டாருக்கும் சுவிஸுக்கும் போனார்கள். இப்போது டவுனில் கேட்டால், அது தானாக அழிந்துபோன ஒழுங்கை என்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காற்றையும் கடலையும் விடுங்கள். மற்றதெல்லாம் ஆட்கள் பார்த்த வேலை.

சரி, இன்ஷாப்புக்கு வருவோம். அவன் ஒரு கந்தோரில் தற்காலிக உத்தியோகம் பார்த்தான். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். வீடு வீடாகப் போய் ஆட்கள் இருக்கிறார்களா என்று பதிகிற வேலை. அந்த வருடம் ஒரு விதி வந்திருந்தது. பத்து வீட்டுக்குக் குறைவாக ஆட்கள் இருந்தால் அந்த ஒழுங்கை குடியிருப்பு இல்லை, பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், நிலத்தையும் எடுத்துவிடலாம். வாவிக்கரையில் ஒரு ஹோட்டலுக்கு வரைபடம் கீறி முடிந்திருந்தது. பெரிய உத்தியோகத்தர் இன்ஷாப்பைக் கூப்பிட்டு, அது காலி ஒழுங்கைதான், பெயருக்கு ஒருக்கால் போய்வந்து காலி என்று எழுதிக் கொடு, மாதக் கடைசியில் உன் வேலை நீடிப்புக் கடிதம் என் மேசைக்கு வரும் என்று சிரித்தாராம்.

இன்ஷாப் நல்ல பிள்ளை. போகாமல் எழுத அவனுக்குக் கை வராது. அதனால்தான் அந்த ஆறரை மணிக்கு அங்கே நின்றான்.

உள்ளே நடந்தான். மின்கம்பத்தில் விளக்கு இல்லை. தகரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது... டொக்... டொக்... வாவிச் சேற்று மணம். காலடியில் புல் கணுக்கால் வரை. முதல் வீட்டு வாசல் படலையில் நின்று, "வீட்டுக்காரர்..." என்று கூப்பிட்டான்.

"வாறன்."

உடனே. அவன் வாய் மூடுவதற்குள்.

ஒரு பெண் லாம்போடு விறாந்தைக்கு வந்தாள். பின்னால் தையல் மெசின் ஓடும் சத்தம் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். பெயர் அகீலா என்றாள். குடும்பத் தலைவர் யார் என்று படிவத்தில் உள்ளபடி கேட்டான். உள்ளே யாரோ ஆம்பிளை சிரித்த சத்தம். "வீடு என்ட. அவர் என்ட வீட்டுக்கு வந்தவர். என்ட பேரை எழுதுங்க," என்றாள். மகள் பஸ்னா, வயது இருபத்தாறு. தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருந்த பிள்ளையை அவன் கண்டான். முகம் தெரியவில்லை, முந்தானைக்கு வெளியே வந்த பின்னல் மட்டும் தெரிந்தது.

இரண்டாவது படலை. ஒரு தரம்தான் கூப்பிட்டான். "வாறன்." மூன்றாவது படலை. "வாறன்." டொரத்தி என்ற பறங்கி மனுசி, வயது எழுபத்தைந்து. அந்த வீட்டில் கேக் வேகும் வாசம். இன்ஷாப்புக்குப் பெரிய சந்தோஷம். மற்ற ஒழுங்கைகளில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே கூப்பிட்ட குரலுக்குக் கதவு திறக்கிறது. காலி ஒழுங்கை என்று சொன்னவன் எவன் என்று மனதுக்குள் பெரியவரைத் திட்டிக்கொண்டே எழுதினான்.

இங்கே யாருக்காவது ஏதாவது உறைக்கிறதா? இல்லையா... சரி.

ஒன்பதாவது வீடு அன்னப்பூரணி. சாம்பிராணிப் புகை படலை வரை வந்தது. உட்காரச் சொல்லி, கண்ணாடிக் கிளாசில் பால் விடாத பிளேன்ரி கொடுத்தாள். சூடு. சீனி கூட. புருஷன் பெயர் அருமைநாயகம், வயது எழுபத்திமூன்று. சாய்மனைக் கதிரையில் தலை முழுக்க நரைத்த ஒரு மனிதர், இவனையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டான். அன்னப்பூரணிதான் பதில் சொன்னாள்.

"அட்டையை வாங்கிக்கொண்டு போனவங்க இன்னும் தரல்ல தம்பி. பேரை எழுதுங்க. பேரை மட்டும் சரியா எழுதுங்க."

அவர் தலையை ஆட்டினார். எழுதினான்.

எந்த வீட்டிலும் யாரும் படலைக்கு வெளியே காலை வைக்கவில்லை. இது அவனுக்குப் பிறகுதான் நினைவு வந்தது. பதினேழு வீடு. அறுபத்திமூன்று பேர். பதினெட்டாவது வீடு கடைசியில், தண்ணீருக்குப் பக்கத்தில். கொஞ்சம் நல்ல வீடு. புதுத் தகரம். படலையில் நின்று கூப்பிட்டான். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டான். உள்ளே ஏதோ ஏனம் வைக்கிற சத்தம்... பிறகு அதுவும் இல்லை. கால் நனைந்து விறைத்துப் போயிருந்தது. அந்த வீட்டுக்கு நேரே 'காலி' என்று எழுதிவிட்டு வந்த வழியே திரும்பினான். திரும்பும்போது பதினேழு விறாந்தையிலும் லாம்பு எரிந்தது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கந்தோர் திறக்கிறது. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். ஸஹீதா. ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பகலுணவு சமைத்துக் கொடுக்கிறவள். கையில் மஞ்சள் வாசம். நேரே இன்ஷாப்பின் மேசைக்கு வந்தாள்.

"தம்பி, ராவு என்ட படலைல வந்து கூப்பிட்டது நீங்கதானே?"

ஓம் என்றான்.

"ரெண்டு தரம் கூப்பிட்டீங்க. மூணாம் தரம் கூப்பிட்டா வருவம் எண்டு கதவுக்குப் பின்னாலதான் நிண்டன். நீங்க போயிட்டீங்க."

இன்ஷாப் சொல்கிறான், அந்த இடத்தில்தான் அவனுக்கு விளங்கியது. பொழுது பட்ட பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரத்துக்குத்தான் பதில். இரவில் பெயர் சொல்லக் கூடாத அது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. உங்களுக்கும் எனக்கும் உம்மா பாலோடு ஊட்டியது. அவன் வளர்ந்ததும் அப்படித்தான். முதல் சத்தத்துக்கே 'வாறன்' என்று உயிருள்ள ஒருவரும் நம் ஊரில் சொல்வதில்லை. பதினேழு வீட்டில் சொன்னார்கள். இவன் சந்தோஷப்பட்டுக்கொண்டு எழுதியிருக்கிறான். மூன்றாம் தரத்துக்காக நின்ற ஒரே ஒரு மனுசியைக் காலி என்று எழுதியிருக்கிறான்.

படிவங்களை அவள் பக்கம் தள்ளினான். ஸஹீதா மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்தாள். அவசரப்படவில்லை. டொரத்தி, சூறாவளியில் கூரை விழுந்தது. அகீலாவும் மாப்பிள்ளையும் பஸ்னாவும், சுனாமி அன்று கல்லடிக் கடற்கரையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். பஸ்னாவின் பெயரில் விரல் நின்றது.

"இவக்கு அப்ப ஏழு வயசு," என்றாள். "இருபத்தாறு எண்டு எழுதியிரிக்கி... வளந்திட்டா."

பிறகு ஒன்பதாவது படிவம். அதை வாசித்த பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அன்னப்பூரணி சாகிற வரைக்கும், பத்தொன்பது வருடம், புருஷனைத் தேடிக் கால் தேய நடந்தவள். எந்தப் படலையிலும் பதில் கிடைக்கவில்லை. அந்த அலைச்சலில் பாதிக்கு ஸஹீதாவும் கூடப் போயிருக்கிறாள்.

"அவர் இருந்தவரா? நீங்க கண்ணால கண்டீங்களா?"

"கண்டன் ராத்தா. சாய்மனைல இருந்தவர்."

"தல நரைச்சிருந்ததா?"

"முழுக்க."

அவள் அழுதாள் என்றுதான் இன்ஷாப் முதலில் நினைத்தான். இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்டும் பிழையில்ல மனே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் சரியாத்தான் எழுதியிரிக்கீங்க. ஒரு பேர்தான் விட்டுப்போச்சு. என்ட பேர். அதையும் சேருங்க. மத்தது ஒண்டையும் வெட்ட வேணாம்."

பகல் பன்னிரண்டு மணிக்கு அவளோடு போய்ப் பார்த்தான். பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. நல்ல வெயில். பதினேழு வளவிலும் பூட்டிய படலை, படலையில் கொடி. அகீலா வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில், ஒரு முருங்கை நின்றது. டொரத்தி வீடு வெறும் சுவர். அன்னப்பூரணி வீட்டுக் கூரை எப்போதோ விழுந்து, விறாந்தை முழுக்கப் பாசி. அந்தப் பாசியில் இவனுடைய செருப்பு அடையாளம் போய், நின்று, உட்கார்ந்த இடம் வரை தெளிவாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். அடியில் கரையாத சீனி... அதில் எறும்பு.

இன்ஷாப் பின்னேரம் கந்தோருக்குத் திரும்பி வந்து பேனையைத் திறந்தான். பதினேழு படிவத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டால் போதும். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கடிதம் கிடைக்கும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்சாதி. கோடு போட்டால் அந்த ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை, ஸஹீதாவுக்கு வீடும் இல்லை. ஏற்கெனவே அட்டையைப் பறித்துக்கொண்டு போன மனிதரை இரண்டாம் தரம் இவன் பறிக்க வேண்டும். பேனையை மூடினான். ஸஹீதாவின் படிவத்தைச் சேர்த்தான். பதினெட்டு வீடு, அறுபத்திநான்கு பேர்.

பெரியவர் வாசித்துவிட்டுப் படிவக் கட்டைத் தூக்கி மேசையில் எறிந்தார். ஒரு சமையல்காரி இருக்கிற ஒழுங்கையில் அறுபத்திநான்கு பேரா, உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். மேசைக்கு வந்திருந்த நீடிப்புக் கடிதத்தை எடுத்து, இவன் கண்ணுக்கு முன்னால் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

இன்ஷாப் சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னான்.

"நான் போனன் சேர். கூப்பிட்டன். பதில் சொன்னாங்க. சொன்னதை எழுதினன். இனி நான் மாத்தி எழுத மாட்டன்."

அப்படியென்றால் நானே போய்ப் பார்க்கிறேன் என்று பெரியவர் எழும்பினார். அன்றைக்கே. பொழுது படுகிற நேரம்.

இனி வருவது கந்தோர் டிரைவர் வல்லிபுரம் சொன்னது. வல்லிபுரம் ஒழுங்கை வாயில் வாகனத்தை நிறுத்தினார். பெரியவர் வெற்றுப் படிவக் கட்டோடு இறங்கி, டோர்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே பத்துப் பாகத் தூரம் நடந்தார். படலை எதற்கும் பக்கத்தில் போகவில்லை. ஒழுங்கைக்கு நடுவில் நின்றபடி, நையாண்டியாக, கையை வாயில் குவித்து ஒரு சத்தம்... "வீட்டுக்காரர்..."

ஒழுங்கையில் அதுவரை தவளை கத்திக்கொண்டு இருந்தது. அது நின்றது.

பிறகு கதவுக் கொண்டி கழற்றும் சத்தம். ஒன்று இல்லை. வலது பக்கம், இடது பக்கம், வரிசையாக... கடக்... கடக்... கடக்... வல்லிபுரம் எண்ணினார். பதினேழு. அதற்குப் பிறகு ஆண் குரலும் பெண் குரலும் பிள்ளைக் குரலுமாக, எல்லா வீட்டிலிருந்தும் ஒன்றாக,

"வாறம்."

வல்லிபுரம் கண்ணாடியை ஏற்றிவிட்டு முருகா என்று இருந்துவிட்டார். சித்தாண்டிக் கோயிலுக்கு நேர்த்தி வைத்ததாகவும் சொன்னார். பெரியவர் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி வந்தார். சப்பாத்தில் சேறு. கையில் படிவங்கள், எல்லாம் அவருடைய கையெழுத்தில் நிரப்பி. அவரோடு சாம்பிராணி வாசமும் வாகனத்துக்குள் ஏறியது. கந்தோருக்கு வந்து இன்ஷாப்பின் பட்டியலுக்குக் கீழே, பதினெட்டு வீடும் சரி, நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை இடமாற்றம் எடுத்துக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

லாச்சிப் பூட்டின் திறப்பும் அவரோடு போய்விட்டது. இன்ஷாப்புக்குக் கடிதம் வரவில்லை. வேலை போனது. இப்போது ஏறாவூரில் போன் திருத்துகிற ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறான். பெண்சாதி ஏசினாள், மாமியார் ஏசினார், இதோ இருக்கிற மர்சூக்கும் ஏசினான். அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஹோட்டல் வரைபடம் எந்த அலுமாரியில் கிடக்கிறதோ. துறையடி ஒழுங்கைக்கு முனையில் புதுப் பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள், மின்கம்பத்தில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். டவுனில் அழிந்துபோன ஒழுங்கை என்று இனி எவனாவது சொன்னால் அங்கே ஒருக்கால் அனுப்பிவையுங்கள். பொழுதுபட்ட பிறகு.

இதோடு முடிந்தது என்றுதான் நாங்களும் இருந்தோம். போன மாதம் இன்ஷாப்பின் கடைக்கு ஒரு பிள்ளை வந்தாள். தனுஷியா. வாழைச்சேனைப் பக்கம். அந்தக் கந்தோரில் இப்போது அவன் பார்த்த வேலையைப் பார்க்கிறவள். ஊருக்குப் புதிது, ஒழுங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை. வேலை முடிந்து, பின்னேரம் ஆறு மணிக்குத்தான் அங்கே போயிருக்கிறாள். நல்ல சனம் என்றாள். கூப்பிட்டவுடன் வருகிறார்கள் என்றாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம். பழைய பட்டியலை எழுதியவன் இவன் என்பதால் கேட்க வந்தாள். இவனுடைய பட்டியலில் அறுபத்திநான்கு, அவளுக்கு அறுபத்தைந்து வருகிறது. வீடு பதினெட்டும் சரி. ரிஸ்கான் என்ற ஒரு பொடியன் மட்டும் முன்பு ஐந்தாம் வீட்டில் இருந்திருக்கிறான், இப்போது முதலாம் வீட்டில் இருக்கிறான். அது விளங்குகிறது, கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்துவிட்டானாம். கூடிய ஒரு ஆளை எந்தக் கட்டத்தில் பதிவது என்றுதான் தெரியவில்லை என்று படிவத்தை நீட்டினாள்.

இன்ஷாப் வாங்கிப் பார்த்தான். அகீலா வீடு. மகள் பஸ்னா. மருமகன் ரிஸ்கான். அதற்குக் கீழே ஒரு பெண் பிள்ளை, பெயர் ஆமினா. வயது என்ற கட்டத்துக்குள் தனுஷியாவின் உருண்டைக் கையெழுத்தில், நாற்பது நாள்.

பிள்ளையைக் கண்டாயா என்று கேட்டானாம்.

"தூக்கினனே அண்ண," என்றாள் தனுஷியா. "நல்ல பாரம்."